காசிமேட்டில் அதிகாலை நான்கு மணி: ஃபுல் ஃப்ரேம் வாங்கியும் படம் கலங்குகிறது

தண்டை நிழல் | ஞாயிறு, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஞாயிறுகளாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அதிகாலையில் போய்க்கொண்டிருக்கிறேன். ஏலம் நடக்கும் இடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. முன்பு என்னிடம் இருந்தது சிறிய சென்சார் (ஒளியைப் பதிக்கும் தகடு) கேமரா, கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸ். இருட்டில் எடுத்தால் எல்லாம் புள்ளி புள்ளியாக வரும். ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் கேமரா வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்று பலரும் சொன்னார்கள். ஓராண்டு சேமித்து, பழைய நிக்கான் டி750 ஒன்றையும் 24-120 எஃப் 4 லென்ஸையும் வாங்கிவிட்டேன்.

புள்ளிகள் குறைந்துவிட்டன, உண்மை. ஆனால் படங்கள் கலங்கியே வருகின்றன. ஏலம் விடுபவரின் கை புகையாகத் தெரிகிறது. கூடை தூக்கி வருபவர்களுக்கு முகமே இல்லை. நான் வைத்திருந்த அளவுகள்: எஃப் 4 (லென்ஸ் திறக்கும் அளவு; எண் சிறியதானால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/30 (வெளிச்சம் விழும் நேரம், விநாடியில்), ஐ.எஸ்.ஓ. 1600 (வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு). அதற்கு மேல் ஐ.எஸ்.ஓ. போகாதபடி கட்டுப்பாடு வைத்திருக்கிறேன், நாய்ஸ், அதாவது அந்தப் புள்ளிகள் வந்துவிடும் என்ற பயத்தில். லென்ஸில் அதிர்வு தடுக்கும் வசதியும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. எங்கே தவறுகிறேன்? கேமராவில் ஏதாவது பழுதா?

எண்ணூர் அலை | ஞாயிறு, காலை 10.15

தம்பி, முக்காலி கொண்டுபோனீர்களா? நான் அத்திப்பட்டு அனல்மின் நிலைய விளக்குகளைக் கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் நின்று எடுப்பவன். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 20 விநாடி. தண்ணீரில் விளக்கு நீள நீளமாக விழும், ஒரு புள்ளி இருக்காது. இருட்டு என்றால் முக்காலிதான்.

தண்டை நிழல் | ஞாயிறு, காலை 10.32

அண்ணா, அங்கே முக்காலி விரிக்க இடமே இல்லை. காலுக்குக் கீழே தண்ணீர், ஐஸ், செதில். பின்னால் ஒருவர் கூடையோடு "வழி, வழி" என்று வந்துகொண்டே இருப்பார்.

பழைய வண்ணை | ஞாயிறு, பகல் 12.05

தம்பி, கேமராவில் பழுது எதுவும் இல்லை. நல்ல குதிரையை வாங்கிக் காலைக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டு, 1600 என்று நீங்கள் வைத்த வரம்புதான்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எஃப் 4, 1/30, 1600. அந்த இடத்தின் வெளிச்சம் அவ்வளவுதான். ஏலம் விடுபவரின் கை வீச்சை நிறுத்த 1/250 வேண்டும். அது 1/30-ஐவிட ஏறக்குறைய எட்டு மடங்கு குறைந்த நேரம். அப்படியானால் ஐ.எஸ்.ஓ.வை எட்டு மடங்கு உயர்த்த வேண்டும்: 12,800. டி750-இன் இயல்பான உச்ச அளவும் அதுவே. நீங்கள் அதைத் தொடவே இல்லை. அதிர்வு தடுக்கும் வசதி உங்கள் கை நடுக்கத்தைத் தாங்கும். எதிரில் இருப்பவர் கை வீசுவதை அது எப்படி நிறுத்தும்?

புள்ளி வந்த படத்தைச் சரிசெய்ய ஆயிரம் வழி இருக்கிறது. கலங்கிய படத்தைச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. திருமண வீடுகளில் ஃபிலிமில் எடுத்த காலத்தில் 800 ஃபிலிம் போட்டாலே பெரிய துணிச்சல். இன்று 6400-இல் எடுத்த படத்தை 12க்கு 18 அங்குலத் தாளில் அச்சிட்டு ஒரு கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும்போது தெரியும் புள்ளிகளில் பாதி, தாளில் காணாமல் போயிருக்கும்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். புள்ளிகளை உண்டாக்குவது ஐ.எஸ்.ஓ. அல்ல, வெளிச்சப் பற்றாக்குறை. மொட்டை மாடியில் நூறு டம்ளர்களை வரிசையாக வையுங்கள். தூறல் தொடங்கி நான்கு விநாடி ஆனதும் எட்டிப் பாருங்கள்: ஒன்றில் மூன்று துளி, பக்கத்தில் எட்டு துளி, இன்னொன்று காலி. அரை மணி நேரம் மழை பெய்த பிறகு பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே மட்டம். வெளிச்சமும் துளித் துளியாகத்தான் விழுகிறது. ஒரு பிக்சலில் 100 துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரு சதவீதம்தான். இருட்டில் விழுவது தூறல். அந்த ஏற்ற இறக்கமே படத்தில் புள்ளியாகத் தெரிகிறது. ஐ.எஸ்.ஓ. அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. அதே ஷட்டரில், அதே அப்பர்ச்சரில் (எஃப் அளவில்) 1600 வைத்துக் கறுப்பாக எடுத்துவிட்டு, வீட்டில் கணினியில் வெளிச்சம் ஏற்றினாலும் அதே புள்ளிகள்தான் வரும்.

ஃபுல் ஃப்ரேமின் பலனும் இந்த டம்ளர் கணக்குத்தான். அந்தச் சென்சார் 36க்கு 24 மி.மீ., 864 சதுர மி.மீ. பரப்பு. உங்கள் பழைய கேமராவில் ஏறக்குறைய 370. அதே அளவுகளில் எடுத்தாலும் இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல் வெளிச்சம் சேர்கிறது. இரு மடங்கு வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் என்பார்கள்; இது ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் அதிகம். நல்லதுதான், ஆனால் மந்திரம் அல்ல.

மரக்காயர் தெரு | ஞாயிறு, பகல் 1.20

பழைய வண்ணை ஐயா சொன்னதன் கடைசிப் பகுதியைத்தான் நான் பல நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். தம்பி, நீங்கள் சேமித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கில் 35 எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கி உங்கள் பழைய கேமராவிலேயே மாட்டியிருந்தால், இப்போது கிடைப்பதைவிட நல்ல படம் கிடைத்திருக்கும். எஃப் 4-இலிருந்து எஃப் 1.8-க்குப் போனால் ஐந்து மடங்கு வெளிச்சம். சென்சார் சிறியது என்பதால் இரண்டே கால் மடங்கு இழப்பு. கழித்துப் பார்த்தாலும் இரண்டு மடங்கு லாபம். எல்லாரும் கேமரா உடலைத்தான் வாங்குகிறார்கள், லென்ஸ் என்ற கண்ணை வாங்குவதில்லை.

பழைய வண்ணை | ஞாயிறு, பகல் 1.48

கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் காசிமேட்டில் பின்னால் நகர இடம் கிடையாது. சிறிய சென்சாரில் 35 போட்டால் அது 50 போலக் குறுகிவிடும். முகம் வரும், கூடை வராது. ஃபுல் ஃப்ரேமில் அதே 35 எஃப் 1.8 போட்டால் இரண்டு மீட்டர் தள்ளி நின்றே ஆளும் கூடையும் சுற்றி நிற்கும் கூட்டமும் அடங்கும். வாங்கியாயிற்று, இனி அந்தக் கேமராவுக்கு ஒரு கண்ணை வாங்குவோம். தம்பி, 35 எஃப் 1.8 அல்லது 50 எஃப் 1.8. எஃப் 4-இல் 12,800 கேட்ட அதே இடம் எஃப் 1.8-இல் 2,600 தான் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. அகலத் திறந்தால் தெளிவின் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) சுருங்கும். இரண்டு மீட்டரில் நிற்கும் ஆளை 50-இல் எஃப் 1.8 வைத்து எடுத்தால் சுமார் 17 செ.மீ.தான் தெளிவு. 85-இல் 6 செ.மீ., மூக்குக்கும் காதுக்கும் இடையிலேயே தீர்ந்துவிடும். 35-இல் 35 செ.மீ. கிடைக்கும். கூட்டத்தில் அந்த வித்தியாசம் உயிர்.

ராயபுரம் மாடி | ஞாயிறு, மாலை 5.10

ஃப்ளாஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரு சின்ன ஃப்ளாஷ் இருந்தால் 1/200, ஐ.எஸ்.ஓ. 800 போதுமே.

வஞ்சிரம் | ஞாயிறு, மாலை 6.02

தயவுசெய்து வேண்டாம். என் அம்மா அங்கே முப்பது ஆண்டு மீன் விற்றவர். நான் பள்ளிக்கூடம் போகும் முன் அவரோடு ஐஸ் உடைத்தவள். நான்கு மணி இருட்டுக்குப் பழகிய கண்ணில் ஃப்ளாஷ் அடித்தால் சில விநாடி எதுவும் தெரியாது. கையில் கத்தி, தலையில் கூடை, காலடியில் வழுக்கல். ஒரு முறை அம்மாவின் விரல் அப்படித்தான் அறுபட்டது. எடுத்தவர் "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அங்கே மேலே கூரையில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கவும் வழியில்லை, பாதி இடம் திறந்த வெளி. அண்ணா, முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். ஒரு டீ குடியுங்கள். யாரிடமாவது ஒரு கிலோ சங்கரா வாங்குங்கள். பிறகு கேட்டு எடுங்கள். "எடும்மா, எடு" என்று அவர்களே சொல்வார்கள். வேண்டாம் என்றால் அடுத்தவரிடம் போங்கள்.

ராயபுரம் மாடி | ஞாயிறு, மாலை 6.20

சகோதரி, இதை நான் யோசிக்கவே இல்லை. சொன்னதற்கு நன்றி. ஃப்ளாஷை விட்டுவிடுகிறேன்.

தண்டை நிழல் | ஞாயிறு, இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. 35 எஃப் 1.8 ஒன்று இரண்டாம் கை விலையில் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். முகத்தில் ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது. இன்னொன்று, சில படங்களில் குறுக்கே மங்கலான பட்டைகள் விழுகின்றன. ஒரு படத்தில் பச்சை, அடுத்த படத்தில் மஞ்சள். இது லென்ஸ் கோளாறா?

பழைய வண்ணை | ஞாயிறு, இரவு 9.30

லென்ஸ் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். பின்புறமிருந்து கைபேசி விளக்கை அடித்து, முன்புறமாக உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. நகரத்தில் ஒரு கடையில் "புதிதுபோல" என்று சொல்லிக் கொடுத்த 85-ஐ வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இதைக் கற்றேன். விளக்கைப் பார்த்து எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறியது. இருட்டில் எடுப்பவனுக்கு அந்த லென்ஸ் எதற்கும் ஆகாது. கடற்கரையை ஒட்டி வாழ்கிறோம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

பட்டைகளுக்குக் காரணம் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்.இ.டி.யும் குழல் விளக்கும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/500 வைத்தால் அந்தத் துடிப்பின் ஒரு துண்டுதான் சிக்கும். ஷட்டர் மேலிருந்து கீழ் வருவதற்குள் வெளிச்சம் மாறிவிடும், பட்டை விழும். 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு, 1/50 வைத்தால் இரண்டு. பட்டை மறையும். கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமரா வைத்திருப்பவர்கள் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அங்கே பயன்படுத்த வேண்டாம், இன்னும் மோசமாகப் பட்டை விழும்.

இப்போது 1/250 என்று நான் சொன்னதும் 1/100-உம் மோதுகிறதே என்பீர்கள். மோதத்தான் செய்கிறது. அதனால்தான் கவனிக்கச் சொல்கிறேன்: ஏலம் விடுபவரின் கை ஓயாமல் வீசிக்கொண்டே இருக்காது. விலை ஒன்றில் நிற்கும்போது அரை விநாடி கை மேலே தங்கும், வாய் மட்டும் திறந்திருக்கும். அந்த நொடியில் 1/100 தாராளம். தூக்கிவரும் கூடைக்கு மட்டும் 1/250-க்குப் போங்கள். பத்து படம் எடுத்தால் மூன்றில் பட்டை இருக்கும், ஏழு தேறும்.

ஃபோகஸ் விஷயம். டி750 மைனஸ் 3 ஈ.வி. (வெளிச்சத்தின் அளவு) வரை ஃபோகஸ் பிடிக்கும், அது நிலா வெளிச்சத்தின் அளவு. ஏலக்கூடம் அதைவிட எவ்வளவோ பிரகாசம். ஆகவே குறை வெளிச்சத்தில் இல்லை; நீங்கள் கேமராவிடம் எதைப் பிடிக்கச் சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. மங்கலில் ஒரே நிறமாக இருக்கும் கன்னத்தை அதனால் பிடிக்க முடியாது. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் கோடு வேண்டும். வெளிச்சம் விழுகிற பக்கத்துக் கண் இமை, மூக்குத்தி, சட்டைக் காலர், தலையில் கட்டிய துண்டின் ஓரம். நடுப்பகுதியில் உள்ள 15 குறுக்குப் புள்ளிகளுள் (கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிக்கும் ஃபோகஸ் புள்ளிகள்) ஒன்றையே பயன்படுத்துங்கள்; ஓரத்துப் புள்ளிகள் இருட்டில் தடுமாறும்.

எண்ணூர் அலை | ஞாயிறு, இரவு 10.05

ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் லென்ஸ் வேர்த்துவிடும், துடைத்தாலும் மறுபடி வேர்க்கும். கேமராவைப் பையில் மூடியபடியே முக்கால் மணி நேரம் முன்னதாக ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் லேசாக ஈரம் செய்த துணியால் கேமரா உடலைத் துடைத்துவிடுங்கள், உப்புக் காற்று சும்மா விடாது.

முக்காலி பற்றி நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். என் மின்நிலையம் அசையாது, உங்கள் மனிதர்கள் அசைவார்கள். கரையில் கட்டிய விசைப்படகுகளைக்கூட 20 விநாடி வைத்தால் கொடிமரங்கள் ஆடி இரட்டையாகிவிடும், எனக்கே நடந்திருக்கிறது.

கேரம் பலகை | திங்கள், காலை 7.15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் இதே இருட்டைப் பற்றியது. எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் கேரம் மன்றத்தில் எடுக்கிறேன். இந்தப் பகுதி தந்த ஆட்டக்காரர்களைச் சொல்லவே வேண்டாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். அங்கே பலகைக்கு மேலே தொங்கும் ஒரே ஒரு விளக்கு, மற்றபடி அறை முழுக்க இருட்டு. பலகை வெள்ளையாக வெந்துபோகிறது, அல்லது முகம் கரியாகிறது.

பழைய வண்ணை | திங்கள், காலை 8.00

உங்களுக்குக் கிடைத்திருப்பது அருமையான வெளிச்சம். விளக்கு பலகையில் விழுந்து, பலகையிலிருந்து எழும்பி, ஆட்டக்காரரின் முகத்தைக் கீழிருந்து தொடுகிறது. ஆட்டக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த வெளிச்சம் எட்டாது. ஸ்ட்ரைக்கரை வைத்துக் குனியும்போது முகம் பலகைக்கு அருகே வரும்; தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு வரை ஏறும். குனிந்து, கண்ணைச் சுருக்கி, விரலை மடக்கி ஒரு கணம் மூச்சைப் பிடிப்பாரே, அப்போது எடுங்கள். கை நிற்கும், முகம் ஒளிரும், இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும்.

அளவைக் கேமராவிடம் விடாதீர்கள். சுற்றிலும் உள்ள கறுப்பைப் பார்த்து அது படத்தை வெளுக்கும். ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்களே வையுங்கள். ஐ.எஸ்.ஓ.வைத் தானாக விட்டாலும் மைனஸ் 1 ஈடு கொடுங்கள், படம் ஒரு ஸ்டாப் இருளும். டி750 போன்ற கேமராக்களில் பிரகாசமான பகுதியை மட்டும் காப்பாற்றும் அளவு முறை ஒன்று இருக்கிறது, அது இங்கே மிகவும் கைகொடுக்கும். பவுடர் படிந்த பலகையின் வெள்ளை வெந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. முகத்தின் நிழலை ரா கோப்பில் (சென்சார் தந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) இரண்டு ஸ்டாப் தூக்கலாம். அறையின் மூலைகள் கறுப்பாகவே இருக்கட்டும். அங்கே உட்கார்ந்திருப்பவனின் கண்ணுக்கும் அவை கறுப்புத்தான். இரவைப் பகலாக்குவதற்காக நாம் கேமரா வாங்கவில்லை.

மரக்காயர் தெரு | திங்கள், காலை 9.25

நிறத்தையும் சொல்லிவிடுங்கள் ஐயா. பழைய சோடியம் விளக்கு மிச்சம் இருக்கும் சந்துகளில் என்ன செய்தாலும் ஆரஞ்சுதான் வருகிறது.

பழைய வண்ணை | திங்கள், காலை 9.50

சோடியம் விளக்கில் நீலமும் பச்சையும் மிகக் குறைவு. இல்லாத நிறத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது, அங்கே எடுத்ததைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். காசிமேட்டில் எல்.இ.டி. என்பதால் பிரச்சினை குறைவு. கேமராவின் நிற அளவை (வைட் பேலன்ஸ்) 4000 கெல்வினுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மீனின் வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். உதயத்துக்கு 20 நிமிடம் முன்னால் வானம் நீலமாகும், விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். நம் ஊரில் விடியல் சட்டென்று முடியும், அந்த இருபது நிமிடத்தைத் தேநீர்க் கடையில் கழித்துவிடாதீர்கள்.

ஏ.ஐ. மென்பொருளால் நாய்ஸ் நீக்குவதும் நல்லதே, ரா கோப்பில் வியக்கும்படி வேலை செய்கிறது. அளவோடு போடுங்கள். முழுதாகத் தள்ளினால் வஞ்சிர மீனின் தோல் பிளாஸ்டிக் ஆகிவிடும், வலையின் முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வஞ்சிரம் | திங்கள், காலை 11.10

இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஏலமும் இவ்வளவு நெரிசலாக இருக்காது. ஆகவே எடுக்க வேண்டியதை அதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

தண்டை நிழல் | அடுத்த ஞாயிறு, காலை 10.20

இன்று போய் வந்தேன். கை இன்னும் மீன் வாசனை அடிக்கிறது, கழுவாமல் எழுதுகிறேன்.

35 வாங்கிவிட்டேன், விளக்கடித்துப் பார்த்தே வாங்கினேன். ஐ.எஸ்.ஓ. வரம்பை 12,800-க்கு உயர்த்தினேன். முதல் அரை மணி நேரம் கேமராவை எடுக்கவே இல்லை. டீ குடித்தேன், சங்கரா வாங்கினேன். வாங்கிய இடத்தில் ஒரு வயதான அம்மா, "எதுக்குப்பா பையைக் கட்டிப்பிடிச்சிக்கினு நிக்கிற" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

எடுத்த படம்: பணம் எண்ணும் அவருடைய கைகள். அவருக்குப் பின்னால் ஒரே ஒரு எல்.இ.டி., பக்கவாட்டில் ஐஸ் குவியல். வெளிச்சம் ஐஸில் பட்டுக் கீழிருந்து கைக்கு வந்தது. கேரம் பலகை பற்றி ஐயா எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது, உடனே குனிந்தேன். எஃப் 2, 1/100, ஐ.எஸ்.ஓ. 5000. ஃபோகஸ் புள்ளியை ரூபாய்த் தாளின் ஓரத்தில் வைத்தேன், ஒரே பிடியில் பிடித்தது. மணிக்கட்டில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல், அவற்றுக்கு நடுவே ஒட்டியிருந்த ஒரே ஒரு செதில். எடுக்கும்போது அந்தச் செதிலை நான் பார்க்கவில்லை. வீட்டில் திறந்தபோது அது நகம் அளவுக்கு மின்னுகிறது. நிழலில் புள்ளிகள் இருக்கின்றன. இருக்கட்டும், அவற்றைத் தொடப்போவதில்லை.

இந்தப் படத்தை அச்சிட்டு அவருக்குக் கொடுக்க வேண்டும். என்ன தாள் சரியாக இருக்கும்?

பழைய வண்ணை | அடுத்த ஞாயிறு, காலை 10.55

பார்த்தேன் தம்பி. இரண்டு முறை பார்த்தேன். 8க்கு 12, மேட் தாள். பளபளப்புத் தாள் வேண்டாம், ஈரக் கையோடு வாங்குவார், ரேகை பதியும். அச்சுக்கு அனுப்பும் முன் அரை ஸ்டாப் மட்டும் ஏற்றுங்கள். திரையைவிடத் தாள் எப்போதும் இருண்டே வரும். வலது மூலையில் வெள்ளையாக வெந்துபோன விளக்கின் ஓரம் தெரிகிறது, அதை வெட்டிவிடலாம்.

வஞ்சிரம் | அடுத்த ஞாயிறு, காலை 11.30

அண்ணா, அந்த வளையலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டேன். என் அம்மாவும் படத்தைப் பார்த்தார், கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு அந்த வளையல்கார அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு மூலக்கொத்தளம் பக்கம் கிளம்பிவிடுவார். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள், அங்கே வைக்கக் காய்ந்த இடம் இருக்காது.